நாலு மணி நேரம்

மார்ச் 5, செவ்வாய்

வரும்போது எடை 63.9. போகும்போது 61.4. நேற்றுக் குடித்த தண்ணீர் ஏழு டம்ளர். அனுமதி ஐந்து.

எடையும் தண்ணீரும் எழுதி வரச் சொல்லி டயாலிசிஸ் மையத்தில் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு பக்கம். எனக்கு இரண்டு வரிக்கு மேல் தேவையில்லை. ஆனால் இருபத்தெட்டு வருடம் பத்திரம் எழுதிய கை இது. காலி இடம் விட்டால் எவனாவது இடையில் எதையாவது எழுதிவிடுவான் என்று அதற்கு ஒரு பயம். அதனால் நிரப்புகிறேன்.

பெயர் நாச்சிமுத்து. வயது 53. தாராபுரத்தில் பத்திர எழுத்தர். சிறுநீரகம் இரண்டும் போய்ப் பதினான்கு மாதம். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்கு மையத்தில் படுத்தால் பத்து மணிக்கு எழலாம். அந்த நாலு மணி நேரமும் ரத்தம் வெளியே போய், இயந்திரத்தில் அழுக்கும் மிகுந்த தண்ணீரும் நீங்கித் திரும்பி வரும். இடது கையை அசைக்கக் கூடாது, அசைந்தால் இயந்திரம் அலாரம் அடித்துக் கத்தும். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்று பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண் வந்தாள். மாலை நேரத்திலிருந்து காலைக்கு மாறியவளாம். பெயர் பல்கீஸ், முப்பத்தொரு வயது. இ-சேவை மையத்தில் வேலை பார்த்தவள். நாலு வருடமாக டயாலிசிஸ். ஒரு கையில் ஊசி, மறு கையில் போனைத் தூக்கிப் பிடித்து வெறித்துக்கொண்டே இருந்தாள். அதில் கலங்கலாகப் பச்சைத் தண்ணீர். வேறொன்றும் இல்லை.

"ஏனுங்ணா, உங்குளுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்களா? மீனு ஏதாச்சும் வந்தாச் சொல்லுங்க. எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

நெதர்லாந்தில் ஒரு ஊர் வாய்க்காலாம். வசந்த காலத்தில் மீன்கள் முட்டையிட மேலே போகுமாம். மதகு மூடியிருந்தால் அப்படியே காத்துக் கிடக்குமாம். அதனால் தண்ணீருக்குள் கேமரா வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம். மீன் தெரிந்தால் பொத்தானை அமுக்கினால் அங்கே மதகுக்காரருக்குத் தகவல் போகும். மீன்கள் சேர்ந்ததும் அவர் திறந்துவிடுவார்.

"அந்த ஊர்ல யாருக்கும் வேற வேலை இல்லையா?" என்றேன்.

"நமக்கு மட்டும் இப்ப என்ன வேலைங்ணா?" என்றாள்.

பத்து மணி வரை ஒரு மீனும் வரவில்லை.

மார்ச் 9, சனி

63.5. 61.4. ஆறு டம்ளர்.

என் போனிலும் அந்த வாய்க்காலை ஏற்றித் தரச் சொன்னேன். கண்ணுக்குப் பயிற்சி. ஏழே முக்காலுக்கு ஒரு மீன், முழ நீளம் இருக்கும், வந்து கண்ணாடியை முகர்ந்து பார்த்தது. பல்கீஸ் தூங்கிக்கொண்டிருந்தாள். அமுக்கினேன். எழுந்ததும் சொன்னேன். "என்னைய எழுப்பலாமல்லங்ணா!" என்று பத்து மணி வரை பேசவில்லை.

மார்ச் 21, வியாழன்

63.6. 61.5. ஐந்து டம்ளர்.

ரம்ஜான் மாதம். நோன்பு வைக்க முடியாதது வருத்தமில்லையா என்று கேட்டேன். "நம்முளுக்கு வருசம் பூராத் தண்ணியில்லாத நோன்புதானுங்களே" என்று சிரித்தாள்.

அறையில் இருக்கும் ஆறு கட்டிலுக்கும் சேர்த்து வாட்ஸப்பில் குழு ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். பெயர், நாலு மணி நேரம். முதலில் என்னைச் சேர்த்தாள். காலை வணக்கப் பூக்கள், சாமி படம், கட்சிச் செய்தி எதுவும் கூடாது. ஆளுக்கு ஒன்று, நெட்டில் தேடி, வேறு யாருக்கும் தெரியாத அதிசயம் போட வேண்டும். இன்று அவள் போட்டது: வாம்பட் என்ற ஆஸ்திரேலிய மிருகத்தின் சாணி கனசதுரமாக இருக்குமாம். படம் பார்த்தேன். உண்மைதான். டெக்னீசியன் ஜெபசீலி, "சார், இப்பத்தான் சாப்பிட்டுட்டு வந்தேன்" என்று முகத்தைச் சுளித்தாள். பிறகு மறுபடி வந்து பார்த்தாள்.

ஏப்ரல் 11, வியாழன்

63.2. 61.4.

இன்று ரம்ஜான். பல்கீஸ் புதுப்புடவையோடு வந்தாள். ரத்தம் பட்டுவிடும் என்று ஜெபசீலி கைக்குக் கீழே இரண்டு துண்டு விரித்தாள். பல்கீஸின் தம்பி இலியாஸ், ஏ.சி. மெக்கானிக், எல்லோருக்கும் பிரியாணி கொண்டுவந்தான். நாங்கள் ஆளுக்கு இரண்டு வாய்தான் சாப்பிட முடியும். இலியாஸ் அதிகம் பேசாதவன். அக்காளை ஏற்றி இறக்குவதெல்லாம் அவன்தான். அவள் கணவன் முதல் வருடத்திலேயே கிளம்பிப் போய்விட்டானாம். அதைச் சொல்லும்போதும் ஒரு காணொளி காட்டிக்கொண்டேதான் சொன்னாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

63.8. 61.5. ஆறு. வெயில்.

மெல்பர்ன் நகரத்தில் மரங்களுக்கெல்லாம் மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்களாம், கிளை முறிந்தால் புகார் செய்ய. ஜனங்கள் புகாருக்குப் பதிலாக மரத்துக்குக் காதல் கடிதம் எழுதினார்களாம். பல்கீஸ் படித்துக் காட்டினாள். மரத்துக்கு எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்றேன். மையத்தின் வாசலில் நிற்கும் வேம்பைப் பற்றி ஒரு பாராட்டுப் பத்திரம் எழுதிக் கொண்டுவரச் சொன்னாள். எழுதினேன். நான்கெல்லை குறிப்பிட்டு, முறைப்படி. கிழக்கே இரண்டு சக்கர வாகன நிறுத்தம், மேற்கே மருந்துக்கடை. அவள் உரக்க வாசிக்க, ஆறாம் கட்டில்காரர் சிரித்ததில் அவர் இயந்திரம் கத்திவிட்டது.

மே 18, சனி

63.4. 61.3.

டாக்டர் என்னையும் பல்கீஸையும் ஒன்றாகக் கூப்பிட்டார். என் மனைவி கமலவேணி எனக்குச் சிறுநீரகம் கொடுக்கத் தயாராக இருக்கிறாள், ஆனால் அவள் ரத்தம் ஏ வகை, என்னுடையது பி. இலியாஸ் அக்காளுக்குக் கொடுக்கத் தயார், ஆனால் அவன் பி, பல்கீஸ் ஏ. மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கமலாவின் சிறுநீரகம் பல்கீஸுக்கு. அவள் தம்பியுடையது எனக்கு. சட்டப்படி செல்லும். ஒரே நாளில், கோயம்புத்தூரில், நாலு பேருக்கும் அறுவை.

வீட்டில் வந்து சொன்னேன். கமலா சோற்றைக் கிளறிக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கா?" என்று கேட்டாள். "சரி. கட்டுன புருசனுக்குக் குடுக்கறதுன்னு நெனச்சேன். அதுனால என்ன, அது ஒரு வாழ வேண்டிய புள்ளை."

என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று தெரிந்தது.

ஜூன் 8, சனி

63.0. 61.2. நாலு டம்ளர்.

பரிசோதனைகள் பொருந்துகின்றன. அனுமதிக் குழுவுக்கான மனுக்களை நானே தயார் செய்கிறேன். பல்கீஸின் பெயர் ஆதாரில் ஒருவிதமாகவும் ரேஷன் அட்டையில் ஒருவிதமாகவும் இருந்தது. திருத்தம் போட்டாகிவிட்டது.

கமலா வாரம் மூன்று முறை என்னோடு மையத்துக்கு வருகிறாள். என் கட்டிலருகே உட்காருவதில்லை. "என்ற உடம்புல இருந்து போற எடமல்ல, பழகிப் பாக்க வேண்டாமா?" என்கிறாள். இரண்டு பேரும் நார்வேயில் ஓடும் ரயில் ஒன்றைப் பார்க்கிறார்கள். ஓட்டுநருக்கு முன்னால் கேமரா வைத்து ஏழு மணி நேரம் எடுத்தது. சுரங்கம், பனி, சுரங்கம். பல்கீஸ் கேட்டாள்: "அக்கா, ஆப்பரேசன் முடிஞ்சு ஒரு சொம்புத் தண்ணி மொத்தமாக் குடிக்கோணும். நீங்க என்ன பண்ணுவீங்க?" கமலா, "உன்னையப் பாத்துட்டு நிப்பேன்" என்றாள்.

ஜூலை 6, சனி

63.3. 61.4.

அனுமதி வந்துவிட்டது. ஜூலை 24 புதன்கிழமை வரச் சொன்னார்கள்.

ஆனால் அது ஆடி மாதம். கமலாவின் அம்மா, ஆடியில் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்கிறார். பெரியவர்கள் பேச்சைத் தட்ட முடியாது. ஆவணி பிறந்து ஆகஸ்ட் 21 என்று மாற்றிக் கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

பல்கீஸிடம் நான்தான் சொன்னேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆடித் தள்ளுபடியாக்கும்?" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

நாலு வருடம் காத்தவளுக்கு நாலு வாரம் பெரிதில்லை.

ஜூலை 25, வியாழன்

63.7. 61.5.

பல்கீஸின் கையில் ஊசி போடும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். தலையைத் திருப்ப முடியாமல் போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசினாள். ஜப்பானில் மனித முகம் போலத் தெரியும் கற்களுக்கென்றே காட்சிக்கூடம் இருக்கிறதாம். ஒரு கல் ஜெபசீலி மாதிரி இருக்கிறது என்றாள். இருந்தது.

நேற்று புதன்கிழமை. வேறொன்றுமில்லை, கிழமையைக் குறித்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

64.1. 61.6. ஏழு டம்ளர்.

இயந்திரம் ஓட ஆரம்பித்து அரை மணியில் பல்கீஸுக்குக் குளிர் எடுத்தது. கட்டிலே ஆடியது. மூன்று போர்வை போட்டார்கள். குழாய் வழியாகக் கிருமி போயிருக்கலாம் என்றார்கள். இலியாஸ் ஆம்புலன்சில் கோயம்புத்தூர் கூட்டிப் போனான். தூக்கி ஏற்றும்போது என்னைப் பார்த்து, "இன்னிக்கு நீங்க போடுங்ணா, குரூப்ல" என்றாள்.

நான் எதுவும் போடவில்லை. தேடத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

63.8. 61.5.

பல்கீஸ் படுக்கும் மூன்றாம் கட்டில் காலி. கமலா பகல் முழுக்க இலியாஸுக்குப் போன் செய்தாள். ஒரு முறை எடுத்து, "பரவால்லீங்க்கா" என்றானாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பல்கீஸ் காலை பத்தேகாலுக்கு இறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

64.6. 61.9. தண்ணீர் எண்ணவில்லை.

நேற்று முன்தினமே அடக்கம். பள்ளிவாசல் வரை போனேன். ஆண்களோடு வெளியே நின்றேன். கமலா அவர்கள் வீட்டுக்குள் போய் பல்கீஸின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத சத்தம் தெருவரை கேட்டது. என் மாமனார் செத்தபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. "எடுத்துக் குடுக்கறதுக்கு முன்னயே போயிட்டியே கண்ணு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

இலியாஸ் போனில் செய்தி சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

குழுவில் எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியும் போட்டிருக்கிறார்கள். பூ போடக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம்.

ஆகஸ்ட் 17, சனி

64.0. 61.7.

ஆவணி ஒன்று. டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இனி இல்லை. இலியாஸ் எனக்குச் சொந்தமில்லாததால் தனியாகக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் வரிசையில் என் பெயரைப் பதிந்திருக்கிறார். எப்போது என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொல்லும்போது, "உங்கம்மா ஆடியைச் சொல்லாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தேன்.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா எப்பங்க சொன்னா? நீங்கதான அவகிட்டப் போன் பண்ணி, ஆடில கத்தி வெக்கலாமான்னு கேட்டீங்க? கேட்டா வயசானவ என்ன சொல்லுவா?"

கேட்டேன் என்பது உண்மை. கேட்பதில் தவறில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

இன்றைக்கு என்று குறித்திருந்தது. கமலா விடியும்போதே தலைக்குக் குளித்துவிட்டு, எங்கும் போகாமல் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடச் சொன்னேன். "இன்னிக்கு வெறும் வயித்தோட இருக்கோணும்னாங்கல்ல" என்றாள்.

ஆகஸ்ட் 29, வியாழன்

64.2. 61.8.

மூன்றாம் கட்டிலுக்கு உடுமலைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். படுத்ததும் குறட்டை.

எட்டரை மணிக்குப் போன் அதிர்ந்தது. 'பல்கீஸ் வெளியேறினார்' என்று திரையில் வந்தது. அதற்குக் கீழேயே, 'இப்போது நீங்கள்தான் அட்மின்' என்று இன்னொரு வரி. ஜெபசீலியும் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்: ஆரம்பித்தவர் போய்விட்டால் வேறொருவர் தலையில் அதுவாகக் கட்டிவிடுமாம்.

எனக்குக் கோபம் வந்தது. செத்தவள் எப்படி வெளியேறுவாள்? வீட்டுக்கு வந்ததும் இலியாஸுக்குப் போன் செய்தேன்.

"அக்கா போன நோண்டறதுக்கு உனக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

 "நேர்ல வர்றனுங்ணா" என்றான்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலை பதினொரு மணிக்கு வந்தான். கமலா உள்ளே வரச்சொல்லி, மோர் கொடுத்தாள். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"குரூப்ல ஏதாச்சும் வந்தா அக்கா போன் டிங்குங்குது. எங்கம்மா ஒவ்வொருக்காவும் ஓடிப் போயி எடுத்துப் பாக்குதுங்ணா. மீனு வந்துருச்சோ என்னமோன்னு கேக்குது. அதுக்குப் படிக்கத் தெரியாது. அதுனாலதான் வெளிய வந்துட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்குங்க."

கமலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நான் பத்திரத்தில் பொய் எழுதியவன் இல்லை. இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன், ஜூலை ஆறாம் தேதியில். அதை அவனிடம் சொன்னேன்.

"இலியாஸு, ஆடியக் காரணங்காட்டித் தள்ளிப் போட்டது எங்க மாமியா இல்ல. நான். எனக்குப் பயம். கதவைச் சாத்தி உள்ள கொண்டுபோயிக் கிழிப்பாங்கன்னு நெனச்சு நெனச்சுத் தூக்கமே வல்ல. ஒரு மாசம் கழிச்சுன்னா தைரியம் வந்துரும்னு நெனச்சேன். அந்த ஒரு மாசத்துல உங்கக்கா போயிட்டா."

அவன் தலை நிமிரவில்லை. நிறுத்தினால் அப்புறம் சொல்ல முடியாது என்று மீதியையும் சொன்னேன்.

"அன்னிக்கு நீ போன்ல சொன்னயல்ல. எனக்கு மொதல்ல அழுகை வல்ல. அப்ப என்ற கிட்னி என்னாகும்னுதான் நெனப்பு வந்துச்சு. அதுக்கப்பறந்தான் அவ மொகமே வந்துச்சு."

மோர் டம்ளரைத் தரையில் வைத்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அண்ணா, நீங்க ஆடின்னு சொன்னதா அக்கா வீட்டுல வந்து சொன்னப்ப, நான் சர்வீசுக்குப் போறேன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயி அமராவதிப் பாலத்துக்கிட்ட நின்னு அழுதனுங்க. சந்தோசத்துல. ஒரு மாசம் கெடைச்சுதேன்னு." மூக்கை உறிஞ்சினான். "எனக்கு ஊசின்னாலே ஆகாது. அக்காளுக்குத் தெரியும். அது ஒரு நாளும் என்னையக் கேட்டதில்லீங்ணா. நானா வீம்புக்குச் சொன்னது. அது செத்தன்னிக்கு நான் ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னப்ப, நாம இனி ஆப்பரேசனுக்குப் படுக்க வேண்டியதில்லன்னு ஒரு நிமிசம், ஒரே நிமிசம்..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. எனக்கும் அவனைத் தொட்டுத் தேற்றத் தெரியவில்லை. ஊசி போடாத கையால் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கமலா கேட்டிருக்கிறாள். வெளியே வந்து இருவருக்கும் சாப்பாடு போட்டாள். அவனுக்கு இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது தலையை ஒரு தரம் தடவினாள்.

கிளம்பும்போது, "யாருகிட்டயும் சொல்லிறாதீங்ணா" என்றான். மாட்டேன் என்றேன். அதற்கப்புறம் தயங்கி, "குரூப்ல என்ற நம்பரச் சேத்துக்குவீங்களா?" என்றான். எப்படிச் சேர்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அவனே என் போனை வாங்கிச் சேர்த்துக்கொண்டான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

63.6. 61.5. ஐந்து டம்ளர்.

ஏழு மணிக்கு இலியாஸிடமிருந்து குழுவில் ஒரு காணொளி. ஸ்காட்லாந்தில் ஒரு மிருகக்காட்சிச் சாலையில் இருக்கும் பென்குயினுக்கு நார்வே ராணுவம் மேஜர் ஜெனரல் பதவி கொடுத்திருக்கிறது. விளையாட்டில்லை, முறைப்படி விழா எடுத்து. சீருடை போட்ட வீரர்கள் விறைத்துக்கொண்டு வரிசையாக நிற்க, அந்தப் பென்குயின் தோளில் பட்டையோடு, ஒவ்வொருவர் முகத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து போகிறது. ஒருவர் முன்னால் நின்று, அவர் நிற்பது சரியில்லை என்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நகர்கிறது.

கீழே இலியாஸ் எழுதியிருந்தான்: 'நம்ம டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற மாதிரியே இருக்குதுங்ணா.'

அதே நேரம் டாக்டர் உள்ளே வந்தார். முதல் கட்டிலில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். இரண்டாம் கட்டிலுக்கு, என்னிடம், வந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. கை ஆடி இயந்திரம் கத்த ஆரம்பித்தது. உடுமலைக்காரர் விழித்துக்கொண்டார். ஜெபசீலி ஓடிவந்து குழாயைச் சரிசெய்தாள்.

"என்ன சார் ஆச்சு? வலிக்குதா? ஏன் அழறீங்க?"

சிரித்துக்கொண்டிருந்தேன். அவளிடமும் அப்படித்தான் சொன்னேன்.